இரத்தமும் எலும்பும் சொல்லும் சாட்சி



வழமையாக இந்தப் பக்கத்தில் நான் வருமான வரி, வீட்டுக் கடன், ஓய்வூதியம் என்று எழுதுவேன். கணக்காளன் வேறு எதைப் பற்றி எழுதுவான்? இம்முறை விடயம் வேறு. அதற்கு ஒரு தொலைபேசி அழைப்புத்தான் காரணம்.

சில மாதங்களுக்கு முன் நிகழ்ச்சி முடிந்து, ஒலிவாங்கியை அணைத்துவிட்டு, யக்கற்றைப் போட்டுக்கொண்டிருந்த நேரம் நிலையத் தொலைபேசி அடித்தது. எண்பத்திநான்கு வயது ஐயா ஒருவர். "தம்பி, நீங்கள் கணக்குக் கதைக்கிறது நல்லா விளங்குது. எனக்கு வேற ஒரு கணக்கு இருக்கு. என்ர மூத்தவனை 96ஆம் ஆண்டு ஆமி பிடிச்சுக்கொண்டு போனவங்கள். இப்ப செம்மணியில கிண்டுறாங்கள். நான் இங்க லண்டனில செத்துப்போனா, பிறகு ஆரின்ர இரத்தத்தோட வைச்சுப் பார்க்கப் போகினம்? இப்பவே எடுத்து வைக்கலாமோ?"

எனக்கு உடனே மறுமொழி தெரியவில்லை. "ஐயா, விசாரிச்சுச் சொல்லுறன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். அன்றிலிருந்து வாசித்தவற்றை மூன்று பேச்சுகளாக ஒலிபரப்பினேன். கேட்கத் தவறியவர்களுக்காக அவற்றைச் சுருக்கி இங்கே தருகிறேன். நான் வைத்தியனும் அல்ல, வழக்கறிஞனும் அல்ல, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து வணிகமாணிப் பட்டதாரி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஐயாவின் கேள்விக்கு மறுமொழி லெஸ்டர் நகரில் தொடங்குகிறது. எங்களில் பலர் தீபாவளி வெளிச்சம் பார்க்கவும் சேலை வாங்கவும் போகிற அதே லெஸ்டர்தான். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரீஸ் என்ற மரபணு ஆய்வாளர் 1984 செப்டம்பர் 10ஆம் திகதி, திங்கட்கிழமை காலை ஒன்பது மணி கடந்து ஐந்து நிமிடத்தில், இருட்டறையில் கழுவிய ஒரு எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்தார். கடையில் சாமான்களுக்கு ஒட்டியிருக்கும் கோட்டுக் குறியீடு போல, கறுப்பும் வெள்ளையுமாக வரிசை வரிசையாகக் கோடுகள். அவருடைய ஆய்வுகூட உதவியாளருக்கு ஒரு வரிசை, அவருடைய தாய்க்கும் தகப்பனுக்கும் ஒவ்வொரு வரிசை. மூன்றும் வேறு வேறு. ஆனால் மகளின் வரிசையில் உள்ள கோடுகளில் ஒரு பங்கு தாயிடம் இருந்தது, மற்றப் பங்கு தகப்பனிடம் இருந்தது.

எங்கள் உடம்பின் கலங்களுக்குள் டி.என்.ஏ. என்ற நீண்ட நூல் இருக்கிறது. அதில் பெரும்பகுதி உங்களுக்கும் எனக்கும் ஒன்றுதான். சில இடங்களில் மட்டும் ஒரே சொல்லைத் திக்கித் திக்கிச் சொல்வதுபோல ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தரம் திரும்ப வருகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். ஜெப்ரீஸ் படம் பிடித்தது அந்த வித்தியாசத்தை. ஒரு கணக்காளனாக எனக்கு இது இரட்டைப் பதிவு முறை மாதிரித் தெரிந்தது. பிள்ளையின் ஏட்டில் இருக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் தாயின் ஏட்டிலோ தகப்பனின் ஏட்டிலோ எதிர்ப்பதிவு இருக்கவேண்டும். ஒன்றிரண்டு பொருந்தாமல் நின்றால் பிறழ்வு என்று சொல்ல இடமுண்டு; பல நின்றால் அது வேறு வீட்டுப் பிள்ளை.

இந்தக் கண்டுபிடிப்பை முதன்முதல் பயன்படுத்தியது பொலிஸ் அல்ல. எங்களைப்போல வந்தேறிய ஒரு குடும்பம்! இதை நான் ஒலிபரப்பியபோது நம்பாமல் திருப்பிக் கேட்டவர்கள் உண்டு.

1985ஆம் ஆண்டு. கானா நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு தாய் லண்டனில் பிள்ளைகளோடு இருந்தார். கானாவுக்குப் போயிருந்த ஒரு மகன் திரும்பி வந்தபோது கடவுச்சீட்டில் சந்தேகம் என்று விமான நிலையத்தில் பிடித்துக்கொண்டார்கள். இவன் உன் மகன் இல்லை, உன் சகோதரியின் மகனாக இருக்கலாம் என்றது குடிவரவுத் தரப்பு. அந்தக் காலத்து இரத்தப் பரிசோதனையில் சொந்தம் என்று தெரிந்ததே தவிர, தாயா சிறிய தாயா என்று பிரிக்க முடியவில்லை. அவர்களுடைய சட்டத்தரணி ஜெப்ரீஸ் பற்றிப் பத்திரிகையில் வாசித்துவிட்டு அவருக்குக் கடிதம் எழுதினார்.

சிக்கல் என்னவென்றால் தகப்பன் அங்கே இல்லை. ஜெப்ரீஸ் ஒரு வேலை செய்தார். தாயோடு இருந்த மற்ற மூன்று பிள்ளைகளின் கோடுகளை எடுத்தார். அவற்றில் தாயிடம் இல்லாத கோடுகள் எல்லாம் தகப்பனிடமிருந்துதான் வந்திருக்கவேண்டும். அப்படி இல்லாத தகப்பனின் பட்டியலைப் பிள்ளைகளிடமிருந்தே திருப்பிக் கட்டினார். பிறகு அந்தச் சிறுவனின் வரிசையை வைத்துப் பார்த்தார். அவனிடம் இருந்த ஒவ்வொரு கோடும் தாயின் பட்டியலில் இருந்தது, அல்லது கட்டியெடுத்த தகப்பனின் பட்டியலில் இருந்தது. வழக்குக் கைவிடப்பட்டது. பையன் தாயோடு வீட்டுக்குப் போனான்.

தொலைந்த ஒருவரின் பட்டியலை மிஞ்சியிருக்கும் சொந்தங்களிடமிருந்து திருப்பிக் கட்டலாம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஐயாவின் கேள்விக்கு இது பிறகு தேவைப்படும்.

இங்கே என் வீட்டுக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். 2004இல் என் அக்கா தன் மகனைக் கொழும்பிலிருந்து கூப்பிட விண்ணப்பித்தார். பிறப்புப் பத்திரம் இடப்பெயர்வில் போய்விட்டது, எடுத்த பிரதியில் பெயரின் எழுத்து வேறு. டி.என்.ஏ. கேட்டார்கள். இங்கே அக்காவின் கன்னத்தின் உட்புறத்திலும், அங்கே மருமகனின் கன்னத்தின் உட்புறத்திலும் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்தார்கள். முடிவு வர ஏழு கிழமை. பெற்ற பிள்ளையைப் பெற்றேன் என்று நிரூபிக்கச் சொல்கிறார்களே என்று அக்கா அந்த ஏழு கிழமையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. முடிவு வந்த அன்று அழுதார். சந்தோசத்திலா, அவமானத்திலா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

ஆனால் எல்லா வீட்டிலும் முடிவு இப்படி வராது. சண்டையில் தங்கச்சி செத்துப்போக, அவளின் பிள்ளையைத் தன் பிள்ளையாகவே வளர்த்த தமக்கைகள் எங்களுக்குள் எத்தனை பேர்! பிள்ளைக்கே தெரியாமல் வளர்த்தவர்களும் உண்டு. பரிசோதனை அன்பைப் பார்க்காது, கோட்டைத்தான் பார்க்கும். அப்படியான குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். குச்சி வாய்க்குள் போவதற்கு முன்னமே சட்டத்தரணியிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். வளர்ப்புப் பிள்ளை என்று முதலே சொல்லியிருந்தால் அதற்கென்று வாதாட ஒரு வழி இருக்கும். சொந்தப் பிள்ளை என்று எழுதிவிட்டு, பிறகு இல்லை என்று முடிவு வந்தால் அது பொய் என்ற பதிவாகிவிடும்.

இனிக் குற்றத்துக்கு வருவோம். அதுவும் லெஸ்டர் பக்கம்தான். 1983 நவம்பரில் நார்பரோ என்ற கிராமத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று வன்புணர்வு செய்யப்பட்டுக் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டது. 1986 ஜூலை கடைசியில் பக்கத்துக் கிராமமான எண்டர்பியில் அதே வயதில் இன்னொரு பிள்ளை, அதே விதமாக. இரண்டு உடல்களிலும் வைத்தியர்கள் எடுத்து வைத்த விந்தணுக் கறையைச் சோதித்ததில் ஏ வகை இரத்தத்தைச் சேர்ந்தவன், ஒரு குறிப்பிட்ட நொதியமும் உள்ளவன் என்று தெரிந்தது. அது நூறில் பத்து ஆண்களுக்குப் பொருந்தும். அன்றைய விஞ்ஞானத்தால் அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

பொலிஸார் அந்தப் பகுதி மனநல வைத்தியசாலையின் சமையலறையில் வேலை செய்த 17 வயது இளைஞன் ஒருவனைப் பிடித்தார்கள். விசாரணையில் அவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான். முதலாவதைச் செய்யவில்லை என்று சொன்னான். அதையும் இவன்தான் செய்திருப்பான் என்று உறுதிப்படுத்துவதற்காகவே பொலிஸார் ஜெப்ரீஸிடம் போனார்கள். அவர் பார்த்துச் சொன்ன மறுமொழி அவர்களுக்குப் பிடிக்கவில்லை. இரண்டு கொலையையும் செய்தவன் ஒரே ஆள்தான். ஆனால் அந்த ஆள் இந்த இளைஞன் இல்லை! அரசாங்க ஆய்வுகூடமும் திருப்பிப் பார்த்தது. முடிவு மாறவில்லை. 1986 நவம்பரில் அவனை விட்டார்கள். கொலை வழக்கில் டி.என்.ஏ. செய்த முதல் வேலை ஒருவனைப் பிடித்தது அல்ல, செய்யாத ஒருவனை விடுவித்தது.

செய்யாததை ஏன் ஒப்புக்கொண்டான் என்று ஆங்கிலேய நண்பர்கள் கேட்பார்கள். எங்களவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது. இலங்கையில் 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அவருக்கு மேற்பட்டவரோ எடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையும் நீதிமன்றத்தில் சாட்சியாக்கியது. எத்தனை பெடியங்கள் தெரியாத சிங்களத்தில் எழுதிய தாளில் கையெழுத்து வைத்துவிட்டு வருசக்கணக்கில் உள்ளே இருந்தார்கள் என்பது வாசிக்கிற உங்களுக்கும் தெரியும். அந்த லெஸ்டர் இளைஞனுக்கு அடி விழவில்லை. பயமும், விடாமல் கேட்ட கேள்விகளுமே போதுமாயிருந்தன.

மிச்சக் கதை நாவல் மாதிரி. 1987 ஜனவரியில் மூன்று கிராமங்களின் ஆண்களை இரத்தமோ எச்சிலோ தரும்படி பொலிஸ் கேட்டது. ஐயாயிரத்துக்கு மேற்பட்டோர் கொடுத்தார்கள். ஒருவரும் பொருந்தவில்லை. பிறகு அந்த ஆகஸ்ட்டில் மதுக்கடை ஒன்றில் ஒரு வெதுப்பகத் தொழிலாளி, கூட வேலை செய்யும் கொலின் பிற்ச்போர்க் என்பவனுக்காகத் தான் போய் இரத்தம் கொடுத்ததாக வாய் விட்டான். கடவுச்சீட்டில் படம் மாற்றிக்கொண்டு போயிருக்கிறான். (படம் மாற்றிய கடவுச்சீட்டு என்றதும் சிலர் சிரிப்பது எனக்குத் தெரிகிறது.) கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் சில கிழமை யோசித்துவிட்டுப் பொலிஸுக்குச் சொன்னார். பிற்ச்போர்க் செப்டம்பரில் பிடிபட்டான். கோடுகள் பொருந்தின. 1988 ஜனவரியில் ஆயுள் தண்டனை. டி.என்.ஏ. சாட்சியோடு கொலைக்குத் தண்டனை பெற்ற முதல் ஆள் அவன். ஆக, அவனை வெளியே கொண்டுவந்தது ஒரு பெண்ணின் மனச்சாட்சி, உறுதிப்படுத்தியது விஞ்ஞானம்.

தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துவிட்டு எங்கள் பிள்ளைகள் விஞ்ஞானம் பிழைக்காது என்று நினைக்கிறார்கள். வைத்தியர் பிரேதத்தைப் பார்த்தவுடன் இரவு பத்தேகாலுக்கு இறந்தார் என்று சொல்வதெல்லாம் நாடகம். உடல் சூடு குறைவது, விறைப்பது, இரத்தம் கீழே தேங்கி நிறம் மாறுவது இவற்றை வைத்துச் சில மணி நேர இடைவெளியைத்தான் சொல்லலாம். அறை வெக்கையும் உடுப்பும் உடம்பின் பருமனும் அதையும் மாற்றும்.

டி.என்.ஏ.யும் பிழைத்திருக்கிறது. ஜேர்மனியில் ஹைல்புரோன் நகரில் 2007இல் ஒரு பெண் பொலிஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. ஜேர்மனி, ஒஸ்திரியா, பிரான்ஸ் என்று சுமார் நாற்பது குற்றங்களின் தடயங்களில் இருந்தது. முகமில்லாத அந்தப் பெண்ணைத் தேடி மூன்று லட்சம் யூரோ பரிசும் அறிவித்தார்கள். 2009இல் உண்மை வெளியானது. பிரான்சில் எரிந்த நிலையில் கிடைத்த ஒரு ஆண் உடல், முன்னர் அகதி விண்ணப்பம் செய்த ஒருவருடையதா என்று பார்க்க, அந்த விண்ணப்பத்தில் இருந்த கைரேகையைச் சோதித்தார்கள். அதிலும் அதே பெண்! ஆண் பிள்ளையின் ரேகையில் பெண்ணின் டி.என்.ஏ. எப்படி வரும்? கடைசியில் பார்த்தால், தடயம் எடுக்கும் பஞ்சுக் குச்சிகளைத் தொழிற்சாலையில் பொதி செய்த பெண்ணுடையது அது. ஐந்தொகை ஒவ்வொரு மாதமும் ஒரே தொகையால் பிழைத்தால், களவு என்று கத்துவதற்கு முன் கூட்டும் இயந்திரத்தைப் பார் என்று என் முதல் முதலாளி சொல்வார்.

இன்னொன்று. இந்த நாட்டில் 1995 முதல் தேசிய டி.என்.ஏ. தரவுத்தளம் உண்டு. கைதானவர்களின் மாதிரியை, குற்றமற்றவர் என்று விட்ட பிறகும் வைத்திருந்தார்கள். பதினொரு வயதில் கைதாகி விடுதலையான ஒரு சிறுவனும் இன்னொருவரும் வழக்குப் போட்டு, 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது தனிமனித வாழ்வுக்கான உரிமையை மீறுகிறது என்று தீர்த்தது. 2012இல் சட்டம் மாறியது. பிள்ளைகளை வீதியில் மறித்துப் பிடித்த அனுபவம் உள்ள பெற்றோர் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

இப்போது ஐயாவின் கணக்கு.

எலும்பிலிருந்தும் பல்லிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்கலாம். ஆனால் எலும்பு பெயர் சொல்லாது. ஒப்பிட உறவினரின் மாதிரி இருந்தால்தான் பெயர் வரும். ஆர்ஜென்ரீனாவில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குழந்தைகளைப் பிறர் எடுத்து வளர்த்தார்கள். பெற்றோர் உயிரோடு இல்லை. பாட்டிமார் சேர்ந்து, எங்கள் இரத்தத்தைக் கொண்டு பேரப்பிள்ளைகளைக் கண்டுபிடிக்க முடியாதா என்று விஞ்ஞானிகளிடம் கேட்டார்கள். மேரி கிளயர் கிங் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1984இல் அவர்களோடு சேர்ந்தார். 1987இல் அந்த நாடு சட்டம் போட்டு மரபணுத் தரவு வங்கியை அமைத்தது. பாட்டிமார் ஒவ்வொருவராக இறந்தாலும் அவர்களின் மாதிரி அங்கே இருந்தது. 130க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் இதுவரை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள்.

பொஸ்னியாவில் 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிற்சாவில் சுமார் எண்ணாயிரம் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்று புதைத்துவிட்டு, மறைப்பதற்காக இயந்திரங்களால் கிண்டி வேறு குழிகளுக்கு மாற்றினார்கள். ஒருவரின் எலும்பே இரண்டு மூன்று குழிகளில் கிடந்தது. உறவினர்கள் கொடுத்த இரத்தத்துளிகளைக் கொண்டுதான் அவற்றைச் சேர்த்துப் பெயரிட்டார்கள். வெளிநாடுகளில் அகதியாக இருந்த உறவுகளிடமும் மாதிரி எடுத்தார்கள். அதற்கென்று உள்ள அட்டையில் ஒரு துளி இரத்தத்தைக் காயவிட்டால் குளிர்பெட்டி இல்லாமலே வருசக்கணக்காக இருக்கும்.

யாரின் மாதிரி நல்லது? தாயும் தகப்பனும் முதல். பிறகு பிள்ளைகள், அடுத்து கூடப்பிறந்தவர்கள். கலத்தின் உட்கூறான இழைமணியில் இன்னொரு டி.என்.ஏ. உண்டு, அது தாய் வழியாக மட்டுமே வரும். ஆகவே தாய் இல்லாவிட்டால் தாயின் சகோதரி, கூடப்பிறந்த சகோதரி, அவள் பிள்ளைகள் எல்லாம் உதவும். தகப்பன் வழிக்கு ஆண் பிள்ளைகளில் உள்ள வை நிறமூர்த்தம் இருக்கிறது.

முதலில் எலும்பின் காலத்தையும் பார்க்கவேண்டும். மன்னாரில் 2018இல் கட்டட வேலைக்குத் தோண்டிய இடத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. எங்கள் காலத்தவை என்றே எல்லோரும் நினைத்தோம். அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பிய மாதிரிகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019 மார்ச்சில் முடிவு வந்தது. அந்த முடிவு பற்றி வாதங்கள் எழுந்தன. ஆனால் முறை நல்ல முறை. உயிரோடு இருக்கும்வரை உடம்பில் சேரும் ஒருவகைக் கரி, இறந்த பின் மெல்ல மெல்லக் குறையும். 5730 வருடத்தில் பாதியாகும். 1950களிலும் 60களிலும் அணுகுண்டுச் சோதனைகளால் அந்தக் கரி காற்றில் கூடியதால், அதற்குப் பிந்திய எலும்பைப் பழைய எலும்பிலிருந்து பிரிக்கலாம்.

செம்மணி வேறு. 1996இல் பாடசாலை மாணவி ஒருவரும் தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்ட வழக்கில் தண்டனை பெற்ற ஒரு இராணுவச் சிப்பாய், 1998இல் நீதிமன்றத்திலேயே அங்கே நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாகச் சொன்னான். 1999இல் 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. 2025இல் சித்துப்பாத்தி மயானத்தில் மீண்டும் எலும்புகள் வெளிப்பட்டு, நீதவானின் கண்காணிப்பில் தோண்டியபோது இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் இனங்காணப்பட்டன. ஒரு குழந்தையின் புத்தகப் பையும் விளையாட்டுப் பொம்மையும் கூட இருந்தன. அந்த ஆகஸ்ட்டில் உடுப்புகளையும் பொருட்களையும் மக்கள் வந்து அடையாளம் காட்டவென்று வைத்தார்கள்.

அதனால் ஐயாவிடம் இரண்டு விடயம் சொன்னேன். ஒன்று, உங்களின் மாதிரியையும் அம்மாவின் மாதிரியையும் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் ஒன்றில் சட்டத்தரணி ஊடாக, ஆள் அடையாளத்தை உறுதிசெய்து கொடுத்து, முடிவைப் பத்திரமாக வைக்கலாம். வீட்டுக்குத் தபாலில் வரும் பொதியில் எடுத்தால் அது யாருடையது என்று பிறகு நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. மற்றது, காசே செலவில்லாதது. மகனின் உயரம், பல் பிடுங்கியதா அடைத்ததா, எலும்பு முறிந்ததா, கடைசியாக என்ன உடுத்திருந்தார், பையில் என்ன இருந்தது என்று எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வையுங்கள். முறிந்து பொருந்திய எலும்பில் அந்தத் தழும்பு பல நேரம் நிலைத்திருக்கும். சட்ட வைத்திய அதிகாரி தேடுவதும் அதைத்தான்.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அம்மா தேத்தண்ணி தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தார். நான் கேட்கக் கேட்க ஐயா சொல்லிக்கொண்டு வந்தார். நீலக் கோட்டுச் சேட். ரைற்றான் மணிக்கூடு. பன்னிரண்டு வயதில் மாமரத்தால் விழுந்து கை முறிந்தது.

"எந்தக் கை ஐயா?"

"வலது."

"இல்லையப்பா, இடது" என்றார் அம்மா.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி இருந்தார்கள். பிறகு ஐயா கனடாவில் இருக்கும் மகளுக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கே விடியக்காலை. நித்திரைக் குரலில் அவர் கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "இடது கை அப்பா. அண்ணா அந்த மாசம் முழுக்க வலது கையால எனக்கு வீட்டுவேலை எழுதித் தந்தவர்" என்றார்.

இடது கை என்று எழுதினேன். மூன்று பேரும் கையெழுத்து வைக்க இடம் விட்டிருக்கிறேன், மகளின் பிரதி தபாலில் போயிருக்கிறது.